நுண்ணுயிரியல் முதலாண்டு: யார் சொல்லும் புத்தகத்தை வாங்குவது?

கேள்வி: விழுப்புரம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலாண்டு பி.எஸ்சி. வகுப்பில் 42 பேர். அதில் 30 பேருக்கு மேல் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். வரும் ஜூனிலிருந்து அடிப்படை நுண்ணுயிரியல் தாளுக்கு ஒரே பாடநூலைப் பரிந்துரைப்பது என்று துறையில் முடிவாகியிருக்கிறது. நூலகத்துக்கு 20 பிரதி வாங்கலாம். மாணவர்களிடம் படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டேன். இப்போதுள்ள பெல்சார் புத்தகத்தைப் பற்றி ‘கஷ்டமா இருக்கு’, ‘இங்கிலீஷ் புரியல’, ‘பரீட்சைக்கு நோட்ஸே போதும்’ என்று எழுதியிருக்கிறார்கள். மூத்த ஆசிரியர்கள் இருவர் இதைவிட நல்ல புத்தகம் இல்லை என்கிறார்கள். வேறொருவர், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கு உதவும் என்று பிரெஸ்காட் புத்தகத்தைக் கேட்கிறார். இன்னொருவர் கைடு போதும் என்கிறார். ‘படிக்காத பிள்ளைகளிடம் போய்ப் புத்தகத்தைப் பற்றி என்ன கருத்துக் கேட்கிறீர்கள்?’ என்று துறைத் தலைவர் கேட்டுவிட்டார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது மேடம்? எந்தப் புத்தகத்தை வாங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

படிவம் கொடுத்துக் கேட்டதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். நான் 31 வருடம் இந்தப் பாடத்தை நடத்தினேன். அதில் முதல் பத்து வருடம், புத்தகத்தைப் பற்றி ஒரு மாணவரிடமும் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அப்புறம் எப்படித் தோன்றியது என்று சொல்கிறேன். ஒரு கோடை விடுமுறையில் நூலகத்தில் பழைய பிரதிகளைக் கணக்கெடுக்கும் வேலை எங்கள் துறைக்கு வந்தது. நான் வருடாவருடம் பரிந்துரைத்த தடித்த புத்தகம், எட்டுப் பிரதி. மூடி வைத்து ஓரத்தைப் பார்த்தால் எட்டிலும் ஒரே மாதிரி இருந்தது: முதல் அறுபது, எழுபது பக்கம் விரல் பட்டுக் கறுத்திருந்தது, அதற்குமேல் வாங்கிய அன்று இருந்த வெள்ளை. பிள்ளைகள் படிக்கவில்லை என்று உங்கள் துறைத் தலைவர் சொல்வதுபோலத்தான் நானும் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அறுபது பக்கக் கறுப்பு, படிக்க முயன்றதற்கான சாட்சி. எட்டுப் பிரதியிலும் பலர் ஆரம்பித்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே இடத்தில் விட்டிருக்கிறார்கள்.

அடுத்த வருடம் முதலாண்டு மாணவி ஒருத்தியை உட்காரவைத்து, பாக்டீரியாவைச் சாயத்தால் இரண்டு வகையாகப் பிரித்தறியும் கிராம் சாயமேற்றும் பக்கத்தைக் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே புரிந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்று வரிசை அவளுக்குத் தெரிந்திருந்தது. பாக்டீரியாவின் செல்சுவர்ப் பொருளான பெப்டிடோகிளைக்கான் என்ற சொல்லையும் தடுமாறாமல் சொன்னாள். நின்ற இடம் ‘ரீடெயின்’, அதாவது விடாமல் பிடித்து வைத்துக்கொள்வது. கிராம் பாசிட்டிவ் செல்கள் சாயத்தை ரீடெயின் செய்கின்றன என்ற வரியில் அந்த வினைச்சொல்லுக்குப் பொருள் தெரியாததால், சாயம் போகிறதா இருக்கிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்கத் தொங்குவது அந்த ஒரு சொல்லில்தான். அடுத்து நின்றது, சாயத்தைப் பிடிக்கவைக்கும் பொருளைக் குறிக்கும் ‘மார்டன்ட்’.

கலைச்சொற்கள் கடினம், அதனால் புத்தகம் கடினம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நான் பார்த்தவரை கலைச்சொல்லை மாணவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். அது தடித்த எழுத்தில் இருக்கிறது, பின்னால் அகராதி இருக்கிறது, ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். யாரும் கவனிக்காத சாதாரண ஆங்கிலச் சொற்களில்தான் கால் இடறுகிறது. அதைவிட மோசம், தெரிந்த சொல்போல வந்து ஏமாற்றும் சொற்கள். நம் பிள்ளைகளுக்குக் காலனி என்றால் ஹவுசிங் போர்டு காலனி. மீடியம் என்றால் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம். கல்ச்சர் என்றால் பண்பாடு. பிளேட் என்றால் சாப்பாட்டுத் தட்டு. ‘மீடியத்தில் கல்ச்சர் செய்து பிளேட்டில் காலனியை எண்ணுக’ என்ற வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் புதிதில்லை, ஆனால் ஒரு சொல்லும் அவர்களுக்குத் தெரிந்த பொருளில் இல்லை. சத்துக்கூழில் கிருமியை வளர்த்து, ஆய்வகத் தட்டில் அது கூட்டமாகப் பெருகிய புள்ளிகளை எண்ணச் சொல்கிறது அது. ஸ்டெயின் என்பதும் ஸ்ட்ரெயின் என்பதும் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். ஒன்று சாயம், மற்றது பாக்டீரியாவின் ஒரு வகை. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் என்ன செய்வார்கள் பாவம்.

ஆகவே ‘இங்கிலீஷ் புரியல’ என்ற கருத்தை நீங்கள் ஒதுக்கக் கூடாது. அதே சமயம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு எளிதான புத்தகம் தேடிப் போவதிலும் பயனில்லை. எந்த ஆங்கிலம், எந்தச் சொல், எந்தப் பக்கம் என்று படிவத்தில் வராது. மொத்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் நல்லாயிருக்கு, கஷ்டமாயிருக்கு என்பதற்குமேல் பதினெட்டு வயதில் யாரால் சொல்ல முடியும்? ஒரு பக்கத்தைப் பற்றிக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள். ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுங்கள், இருபது நிமிடம். நின்ற இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போடட்டும். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டுப் புரிந்ததைத் தமிழிலோ படமாகவோ வரையட்டும். 42 தாளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், கோடுகள் ஒரே இடங்களில் குவிந்திருக்கும். இரண்டு மூன்று புத்தகங்களில் ஒரே தலைப்புள்ள பக்கத்தை எடுத்து இப்படிச் செய்தால், எந்தப் புத்தகத்தில் உங்கள் வகுப்பு குறைவாக இடறுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மூத்தவர்கள் இருவரும் சொல்வது பொய்யில்லை. பெல்சார், சான், கிரீக் மூவரும் எழுதிய அந்தப் புத்தகத்தை நானும் நேசிக்கிறேன். ஒரு முறை ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்பதை அது நிதானமாகச் சொல்லும். ஆனால் விடையை ஏற்கெனவே தெரிந்துகொண்டு புத்தகத்தைத் திறக்கிறோம் நாம். சரியாகச் சொல்லியிருக்கிறதா, ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறோம். மாணவருக்கு வேண்டியது உள்ளே நுழைய ஒரு வாசல். வீடு முழுக்க நடமாடத் தெரிந்தவருக்கு வாசல் குறுகலாக இருப்பது தெரியாது. அவர்களிடமும் பக்கத்தைப் பற்றியே கேளுங்கள்: இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவீர்கள், அதைக் கடைசியாக எப்போது முழுதாகப் படித்தீர்கள்? மரியாதையோடு கேட்டால் அவர்களுக்கே யோசனை வரும். எனக்கு வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கல்லூரிகளில் புழங்கும் பெல்சார், 1986-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. பிறகு நடந்த எதுவும் அதில் இருக்க வழியில்லை. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான பாக்டீரியாவுக்கு ஹெலிகோபேக்டர் என்ற பெயர் வந்தது 1989-இல். கார்ல் வோஸ் என்ற அறிவியலாளர் உயிர்களை டொமைன் எனும் மூன்று பெரும்பிரிவுகளாகப் பிரிக்கச் சொன்னது 1990-இல். ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதி முதன்முதலில் படிக்கப்பட்டது 1995-இல். 2007-இல் பிறந்த பிள்ளைக்கு 1986 புத்தகத்தை மட்டும் கொடுத்து, இதுதான் நுண்ணுயிரியல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கைடு பற்றிச் சொல்வதற்கு முன் மீசோசோம் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகம் கையில் வந்தாலும் நான் முதலில் புரட்டுவது அதைத்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த புதிதில், பாக்டீரியாவின் செல் சவ்வு உள்ளே மடிந்து ஒரு சுருள்போலத் தெரிந்தது. அதற்கு மீசோசோம் என்று பெயர் வைத்தார்கள். சுவாசம், செல் பிரிதல் என்று அதற்கு வேலைகளும் கொடுத்தார்கள். செல்லை வேதிப்பொருளில் ஊறவைத்துப் பதப்படுத்தாமல் சட்டென்று உறையவைத்துப் பார்க்கும் முறை வந்ததும் அந்தச் சுருளைக் காணவில்லை. பதப்படுத்தும்போது நாமே உண்டாக்கிய தோற்றம் அது என்பது 1970-களின் இறுதியிலிருந்தே தெளிவாகத் தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் கழிந்தும் நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்தே மீசோசோமைப் படித்துவிட்டு வருகிறார்கள், கைடுகள் அதன் பணிகளை ஐந்து மதிப்பெண்ணுக்கு அடுக்குகின்றன. இதைச் சொன்னால் மதிப்பெண் போய்விடுமே என்று மாணவர் பயப்படுவார். இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்: கேள்வி வந்தால் என்ன எழுதுவது, உண்மை என்ன. என் வகுப்பில் மாணவர்கள் மிக ஆவலாகக் கேட்ட கதையே இதுதான். அறிவியல் தன் தவறைக் கண்டுபிடித்த விதத்தை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

கைடை விரட்ட வேண்டாம், விரட்டினாலும் போகாது. வினா எந்த வடிவில் வரும் என்பதற்கு அது உதவும். அதை நூலகப் பணத்தில் வாங்கிப் பாடநூல் என்று பெயர் சூட்டாமல் இருந்தால் போதும்.

பிரெஸ்காட் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் புத்தகம். முதுகலைக்கும் நெட்டுக்கும் அருமையானது. முதல் பருவத்தில் 42 பேருக்கும் அதைக் கொடுப்பது நீச்சல் பழகவந்தவரைக் கடலில் இறக்குவது மாதிரி. மூன்றாமாண்டுக்காக ஒன்றிரண்டு பிரதி வாங்கிவையுங்கள்.

சரி, நான் எதை வாங்கச் சொல்கிறேன்? முதல் பாடநூலுக்கு நீங்கள் பணமே செலவழிக்க வேண்டாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபன்ஸ்டாக்ஸ், அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் பதிப்பகத்தோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட நுண்ணுயிரியல் பாடநூல் இருக்கிறது. 26 அத்தியாயம். இணையத்தில் இலவசம். முழுப் புத்தகத்தையும் பிடிஎஃப்பாக இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் 42 பேரில் புத்தகம் வாங்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். போன் இல்லாத ஓரிருவருக்கு அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். அதைவிட முக்கியம் அதன் உரிமம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், நகலெடுக்கலாம், வெட்டி ஒட்டலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். ஜெராக்ஸ் கடையில் திருட்டுத்தனமாக நகலெடுத்துப் பழகிய நமக்கு இது பெரிய விடுதலை. ஒரு பக்கத்தை எடுத்து ஓரத்தில் தமிழ்க் குறிப்பு எழுதி, உங்கள் கல்லூரிப் பதிப்பாகவே அச்சடித்துக் கொடுக்கலாம்.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூத்தவர்கள் கேட்கும்போது நீங்கள் திணறுவீர்கள். அது முக்கியமாக அமெரிக்காவில் செவிலியர் படிப்பு போன்ற மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குப் போகும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கடைசி ஆறு அத்தியாயமும் தோல், மூச்சுப்பாதை, குடல் என்று உடல் உறுப்புவாரியாக நோய்கள்தான். மண் நுண்ணுயிரியலுக்கும் உணவு நுண்ணுயிரியலுக்கும் தொழிற்சாலை நுண்ணுயிரியலுக்கும் தனி அத்தியாயம் இல்லை. விழுப்புரத்தில் நிலக்கடலை விளையும் ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சு பற்றி நாலு பக்கமாவது வேண்டாமா? அங்கேதான் பெல்சார் உங்களுக்குக் கைகொடுக்கும். இருக்கும் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள், மண், உணவு, செய்முறை மூன்றுக்கும் அதையே சொல்லுங்கள். மூத்தவர்களுக்கும் இதில் வருத்தம் இருக்காது, அவர்கள் புத்தகத்தை நீங்கள் ஒதுக்கவில்லையே.

பெயர்கள் மட்டும் எந்தப் புத்தகத்திலும் பின்தங்கியே இருக்கும். லாக்டோபேசில்லஸ் என்ற ஒரே பேரினத்தை 2020-இல் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஃபிர்மிக்யூட்ஸ் என்று நாம் படித்த பாக்டீரியாப் பெருந்தொகுதி 2021 முதல் பேசில்லோட்டா. ஒரு சார்ட்டில் பழைய பெயர், புதிய பெயர் என்று எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதேபோல, நம் உடலில் பாக்டீரியா நம் செல்களைவிடப் பத்து மடங்கு என்று எங்காவது இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். 2016-இல் கணக்கைத் திருத்தினார்கள். சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல், ஏறக்குறைய சமம்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத சில பக்கங்களை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ராபர்ட் கோக் காலரா கிருமியை 1884-இல் கல்கத்தாவில் கண்டது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதே கல்கத்தாவில் 1959-இல் சம்பு நாத் டே, அந்தக் கிருமி வெளியிடும் நச்சுதான் குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்று முயலின் குடலைக் கட்டிச் செய்த சோதனையில் காட்டினார். பல அறிமுக நூல்களில் அவர் பெயரே வராது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி தன் ஆய்வுக்காக ரத்த மாதிரி சேகரித்து, வேலூர் சிஎம்சிக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். விழுப்புரத்திலிருந்து வேலூர் எவ்வளவு தூரம்? உங்கள் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது வகுப்பில் எவ்வளவு அமைதி இருக்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நம் மாவட்டங்களில் வருடாவருடம் வருகிறது. வளர்ச்சி வரைபடத்துக்கு இட்லி மாவு இருக்கிறது. அதைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லியூகோநாஸ்டாக் பாக்டீரியாவுக்கு. சித்திரை வெயிலில் ஏன் சீக்கிரம் புளிக்கிறது, மார்கழியில் ஏன் பொங்க மறுக்கிறது என்று கேட்டாலே கிருமி பெருகத் தயாராகும் லேக் கட்டமும் வேகமாகப் பெருகும் லாக் கட்டமும் வகுப்புக்கு வந்துவிடும்.

மார்டன்டில் நின்ற மாணவியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவள் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் போடுவார்களே, அந்த வேலையைத்தான் இங்கே அயோடின் செய்கிறது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே மீதியை அவளே சொல்லி முடித்தாள். அயோடினோடு சேர்ந்து சாயம் பெரிய கூட்டுப்பொருளாகிவிடுகிறது. ஆல்கஹால் பட்டதும் தடித்த சுவர் சுருங்கி அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய சுவர் உள்ளதில் வெளிச்சவ்வு கரைந்து சாயம் ஓடிவிடுகிறது. அதே பக்கம்தான், அதே ஆங்கிலம்தான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துறைக் கூட்டத்துக்கு முன் அந்த ஒரு பக்கச் சோதனையைச் செய்துவிடுங்கள். கிராம் சாயமேற்றும் பக்கத்தையே எடுங்கள். ஓபன்ஸ்டாக்ஸில் அது இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. கோடு போட்ட 42 தாளையும் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள், நீங்கள் எதுவும் வாதாட வேண்டாம். 20 பிரதிக்கான பணத்தில் ஐந்து பிரதி பெல்சாரும் இரண்டு பிரதி பிரெஸ்காட்டும் வாங்குங்கள். மீதியில் ஓபன்ஸ்டாக்ஸ் அத்தியாயங்களை அச்சடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு நூலகத்தில் வையுங்கள். நூலக விதி அதற்கு இடம் தராவிட்டால் துறை நிதியில் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியதும், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இரண்டு மாணவர்களைச் சொல் பொறுக்க விடுங்கள். கலைச்சொல் வேண்டாம், இடறிய சாதாரணச் சொல் மட்டும். பக்கத்தில் தமிழ்ப் பொருளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதட்டும், நீங்கள் திருத்தினால் போதும். பருவம் முடியும்போது உங்களிடம் ஒரு சிறிய அகராதி இருக்கும். அடுத்த வருடப் பிள்ளைகள் அதோடு தொடங்குவார்கள். நவம்பர் தேர்வு முடிந்ததும் அதில் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். ‘ரீடெயின்’ எத்தனையாவது பக்கத்தில் வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.